குளிர்காலச் சக்கரமும் பதினைந்து மில்லிமீட்டர் சந்தேகமும்

எபிங்கன் ஊரில் தராசு செய்யும் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனை அறையில் முப்பத்தொரு வருடங்களாக உட்கார்ந்திருக்கும் கெரோல்ட் ஷ்டோட்ஸ், காரணமில்லாமல் யாரையும் சந்தேகப்பட்டது கிடையாது. காரணம் எப்போதும் இருந்தது. கண்ணில் படவில்லையென்றால், அதை யாரோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்பதே போதுமான காரணம்.

வேலை அப்படி. பத்துப் பேர் கூடிச் செய்த தராசு அவர் மேஜைக்கு வரும். அது பொய் சொல்கிறது என்ற முடிவோடுதான் அவர் அதை வரவேற்பார். ஒரு கிலோ எடைக்கல்லை வைப்பார், எடுப்பார், மறுபடி வைப்பார், வேறு பக்கம் பார்ப்பதுபோல் பாவனை செய்துவிட்டுச் சட்டென்று திரும்புவார். அப்போதும் தராசு ஒரு கிலோ என்றே சாதித்தால், மனமில்லாமல் முத்திரை வைத்து அனுப்புவார். ஐந்து மணிக்குச் சங்கு ஊதியதும் இந்தப் பழக்கம் கழன்று விழுந்துவிடவில்லை. கடையில் வாங்கிய பிரெட்ஸல் ரொட்டியை வீட்டுத் தராசில் வைத்த பிறகே வெண்ணெய் தடவுவார். அவர்கள் வீட்டு மாடிப்படியைக் கூட்டும் பொறுப்பு வாரத்துக்கு ஒரு குடும்பமாகச் சுற்றி வரும். மேல்மாடிக்காரர் முறை வரும்போது மிதியடிக்கு அடியில் ஒரு தீக்குச்சியை வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்கிப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடங்களில் ஒரு தடவைகூடத் தீக்குச்சி அங்கே இருந்ததில்லை. அந்த மேல்மாடிக்காரர் ஃபோல்க்மார் ஐஸலே, மனைவியை இழந்தவர், ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். இவ்வளவு ஒழுங்காகக் கூட்டுகிற மனிதன் வேறெங்கோ எதையோ மறைக்கிறான் என்பது கெரோல்டின் கணிப்பு.

கல்யாணம்கூட அந்தப் பரிசோதனை அறையில்தான் முளைவிட்டது. ரோஸ்விதா என்ற இளம்பெண் ஒரு நாள் சமையலறைத் தராசு ஒன்றைத் தொழிற்சாலை வாசலுக்கே தூக்கிக்கொண்டு வந்து, "இது நாலு கிராம் கூடக் காட்டுது" என்றாள். கெரோல்ட் சோதித்தார். சரியாக நான்கு கிராம். மற்றவர்களுக்கு வேறு வேறு இடங்களில் வேறு வேறு விதமாக வருகிற உணர்ச்சி, அவருக்கு அந்த நான்கு கிராமில் வந்தது. எட்டு மாதத்தில் மோதிரம் மாற்றினார்கள்.

இப்படிப்பட்டவருக்குத்தான் அந்த அக்டோபரில் சக்கரத்தில் வினை வந்தது.

வசந்தத்தில் பழைய காரைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கியிருந்தார். பழைய காருக்குப் பனியில் வழுக்காமல் ஓட மாட்டும் குளிர்காலச் சக்கரங்கள் நான்கும் ரிம்மோடு நிலவறையில் இருந்தன. டயரில் இன்னும் ஏழு மில்லிமீட்டர் பட்டன் பாக்கி. ஏழு மில்லிமீட்டர் பட்டன் உள்ள டயரைத் தூக்கிப் போடுகிறவனோடு அந்த வட்டாரத்தில் யாரும் சம்பந்தம் வைத்துக்கொள்ள மாட்டார்கள். போல்ட் ஓட்டைகள் ஐந்தும் புதுக் காரோடு பொருந்தின. ஆனால் மாட்டிப் பார்த்தபோது, பெண் பார்க்க வந்தவர்களைக் கண்ட கூச்சக்காரப் பெண் மாதிரி, சக்கரம் மட்கார்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயரின் உள்பக்கம் ஷாக் அப்சார்பரில் உரசியது.

இதற்கு மருந்து ஒன்றுதான். ஹப் என்கிற அச்சுமுனைக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு அலுமினியத் தட்டைச் செருகிச் சக்கரத்தை வெளியே தள்ள வேண்டும். ஸ்பேசர் என்பார்கள். பத்து, பதினைந்து, இருபது என்று மில்லிமீட்டர் கணக்கில் மூன்று அளவுகளில் கிடைத்தது. மெலிந்ததைப் போட்டால் உள்ளே உரசும். தடித்ததைப் போட்டால், ஆள் ஏறிக் கார் அமுங்கும்போது வெளியே மட்கார்டில் உரசும். தப்பானதைப் போட்டுக்கொண்டு போனால் வாகனப் பரிசோதனை நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் கையெழுத்து இல்லாமல் ஓட்டினால், சட்டத்தின் பார்வையில் அது கார் இல்லை. நான்கு சக்கரத்தில் உருளும் ஒரு குற்றம்.

வேறு யாராவது என்றால் நவம்பர் வரை யோசித்திருக்கலாம். கெரோல்டுக்கு நேரமில்லை. காரணம் சனிக்கிழமை.

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு, மலைமேல் இருக்கும் புர்க்ஹால்டன் கிராமத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவுக்கு ஒத்திகை. ரோஸ்விதா ஆல்ட்டோ என்ற பெண்களின் கீழ்க்குரலில் பாடுகிறவள். அக்டோபர் முதல் வாரத்திலேயே மேலே பனி உறைந்துவிட்டது. "கோடைக்கால டயர்ல அந்த மலை ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். அதே குழுவில் பேஸ் என்ற கனத்த ஆண்குரலில் பாடும் ஐஸலே, செப்டம்பர் மாதமே குளிர்கால டயர் மாட்டி வைத்திருந்தார். செப்டம்பரில் யார் மாட்டுவான்? திட்டம் உள்ளவன் மாட்டுவான். ரோஸ்விதா ஐஸலேயின் காரில் போக ஆரம்பித்தாள்.

அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் கெரோல்ட் சமையலறை ஜன்னலில் நின்று கவனித்தார். இருவரும் உள்ளூர்த் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸலேயின் கார் ஷெட்டை நோக்கி நடப்பார்கள். திருப்பத்தில் மறைவார்கள். அதற்குமேல் ஜன்னலிலிருந்து கண் எட்டாது. ஆனால் தடயங்கள் எட்டின. ஒன்று, ஒத்திகைக்கு எப்போதும் குதிகால் உயர்ந்த செருப்புப் போடும் ரோஸ்விதா, இப்போது தட்டையான செருப்புப் போட்டாள். இரண்டு, சோபாவிலிருந்த சிறிய மெத்தை சனிக்கிழமை தோறும் காணாமல் போய் மாலையில் திரும்பி வந்தது. மூன்று, இருபத்திரண்டு வருடங்களாக "ஹெர் ஐஸலே, நீங்க" என்று திருவாளர் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவள், இப்போது மாடிப்படியில் "ஃபோல்க்மார், நீ" என்றாள்.

"குழுவுல எல்லாரும் நீ வா போன்னுதான் பேசிக்குவோம்" என்றாள் ரோஸ்விதா.

"நான் ஒண்ணும் கேக்கலியே."

"உன் காது கேட்டுச்சு."

தட்டைச் செருப்பு, மெத்தை, "நீ". மூன்றையும் கூட்டினால் என்ன விடை வரும் என்று கெரோல்ட் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. நவம்பர் முதல் தேதி புனிதர் திருநாள். அதற்குள் காரைக் குளிர்காலச் சக்கரத்தில் நிறுத்தி, சனிக்கிழமையைத் திரும்பக் கைப்பற்றிவிட வேண்டும் என்று மட்டும் முடிவுகட்டினார்.

"புதுசா நாலு ரிம் வாங்கிட்டா வேலை முடிஞ்சுதே" என்று ரோஸ்விதா ஒரு தடவை சொன்னாள்.

"ஏழு மில்லி பட்டன் இருக்கு!"

"அது உனக்கு. எனக்கு மூணு மணிக்கு ஒத்திகை இருக்கு."

ஐஸலே தானாகவே வந்து வலையில் விழுந்தார், அல்லது வலை விரித்தார். கெரோல்ட் முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஹப்பில் இருந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நூற்று நான்கு கிலோ உடம்பை மெல்ல அசைத்துக்கொண்டு ஐஸலே பக்கத்தில் வந்து குனிந்தார். மூக்கு டயரில் படும் அளவுக்குக் குனிந்தார்.

"ஸ்பேசரா, ஹெர் ஷ்டோட்ஸ்? இருபது போடுங்க. இருபதுதான் சரியா இருக்கும்."

"அளந்து பாத்தீங்களா?"

"அளக்கறது என்ன, பாத்தாலே தெரியுதே."

"எங்க வேலைல பாத்தாலே தெரியறதுதான் முதல்ல குப்பைக்குப் போகும்."

"என் மச்சான் இருபதுதான் போட்டிருந்தார். கார் நல்லா அகலமா, கம்பீரமா நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு ஐஸலே கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே படியேறிப் போனார்.

கெரோல்டுக்கு மூக்கில் வியர்த்தது. இருபது போட்டால் மட்கார்டில் உரசும். உரசினால் பரிசோதனை நிலையம் ஒப்புக்கொள்ளாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் கார் முற்றத்திலேயே நிற்கும். கார் நின்றால் ரோஸ்விதா யார் காரில் போவாள்? எவ்வளவு அழகான திட்டம். பூகோளம் படித்தவன் புத்தி எவ்வளவு தூரம் போகிறது.

உதிரிபாகக் கடை எர்ஜானிடம் போனால் அங்கேயும் வேறு மாதிரி ஆபத்து. எர்ஜான் சிரித்த முகக்காரர். போனதும் கண்ணாடிக் கிளாசில் தேநீர் வைப்பார். விற்கிறவன் தேநீர் கொடுத்தால் வாங்குகிறவன் தலையில் மிளகாய் அரைக்கப் போகிறான் என்று பொருள்.

எர்ஜான் கார்ப் புத்தகத்தையும் ரிம் அளவையும் பார்த்தார். "உங்களுக்குப் பதினஞ்சு, ஹெர் ஷ்டோட்ஸ்" என்றார்.

"இருபது ஏன் இல்ல?"

"வெளிய நீட்டும்."

"பத்து ஏன் இல்ல?"

"உள்ள இடம் ரொம்ப நெருக்கம். பனிக்கட்டி ஒட்டினா உரசும்."

"பதினஞ்சு உங்ககிட்ட நிறைய ஸ்டாக் இருக்கோ?"

எர்ஜான் சிரித்தார். "ஒரே செட்டுதான் இருக்கு. அதுவும் உங்களுக்காகச் சொல்லல, உங்க காருக்காகச் சொல்றேன்."

"அப்போ இருபதுதான் நிறைய இருக்கா?"

"ஹெர் ஷ்டோட்ஸ், என்ன சொன்னா நம்புவீங்கன்னு நீங்களே ஒரு நம்பர் சொல்லுங்க, நான் அதையே சொல்லிடறேன்." பிறகு கீழேயிருந்து மூன்று டப்பாக்களை எடுத்து மேஜைமேல் அடுக்கினார். "பத்து, பதினஞ்சு, இருபது. மூணையும் எடுத்துட்டுப் போங்க. போட்டுப் பாருங்க. எது சரியோ அத வச்சுக்கிட்டு மத்தத திருப்பிக் கொடுங்க. போல்ட்டும் தர்றேன். தட்டு எவ்வளவு தடிப்போ அவ்வளவு நீளம் கூட இருக்கணும், மறந்துடாதீங்க."

இத்தனை தாராளம் யாரிடமும் இருக்க நியாயமில்லை. கெரோல்ட் தேநீரைத் தொடாமல் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நிலவறையில் விளக்கைப் போட்டு, மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தார். பதினைந்து மில்லிமீட்டர் தட்டின் தடிப்பு 15.00. நான்கு இடத்தில் அளந்தார். நான்கிலும் 15.00. முப்பத்தொரு வருட அனுபவத்தில், இவ்வளவு சரியாக இருந்த எந்தப் பொருளையும் அவர் கண்டதில்லை. எனவே மைக்ரோமீட்டரைச் சந்தேகப்பட்டார். தொழிற்சாலையிலிருந்து அளவுக்கட்டை கொண்டுவந்து மைக்ரோமீட்டரைச் சோதித்தார். அது சரியாக இருந்தது. அளவுக்கட்டையைச் சோதிக்க எபிங்கனில் வசதி இல்லாததால் அந்த விசாரணை அங்கேயே நின்றுவிட்டது.

பத்தை மாட்டினார். ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் கஷ்டப்பட்டு நுழைந்தது. எர்ஜான் சொன்னது உண்மை. இது அவருக்குப் பிடிக்கவில்லை. மிச்சம் பதினைந்தும் இருபதும். வெறும் காரில் இரண்டுமே எங்கும் தொடவில்லை. ஆள் ஏறி அமுங்கினால்தான் தெரியும். இதற்கு அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு வழி உண்டு. மட்கார்டின் உள்விளிம்பில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டிவைத்து, பின்சீட்டில் முழு பாரம் ஏற்றி, சக்கரத்தைக் கட்டைமேல் ஏற்ற வேண்டும். டயர் தொட்டால் களிமண்ணில் தடம் விழும்.

பாரத்துக்கு எங்கே போவது? நிலவறையில் பனிக்காலத்தில் தூவும் பொடிக்கல் மூட்டை இரண்டு இருந்தது. ஐம்பது கிலோ. போதாது. பரிசோதனை நிலையத்தில் முழு பாரம் கேட்பார்கள். கெரோல்டே ஏறினால் களிமண்ணைப் பார்க்க ஆளில்லை. அந்த வீட்டில் மேலும் இருந்த எடை இரண்டே: மனைவி ஒன்று, மேல்மாடி ஒன்று. ரோஸ்விதாவின் எடையைக் கேட்கும் துணிச்சல் எந்தக் காலத்திலும் அவருக்கு இருந்ததில்லை; உத்தேசமாக எழுதிக்கொண்டார். ஐஸலே 104. கூட்டினால் கச்சிதமாக வந்தது.

ஆக, தன் மனைவியைத் தன்னிடமிருந்து பிரிக்கப் பார்க்கிற ஆளையும் தன் மனைவியையும் ஒரே சீட்டில் ஒட்டி உட்கார வைத்து, கதவையும் சாத்திவிட்டு, தான் வெளியே தரையில் படுத்துக்கொள்ள வேண்டும். அறிவியல் சில சமயம் மனிதனிடம் அதிகமாகவே கேட்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இருவரும் முற்றத்துக்கு வந்தார்கள். முதலில் இருபதைப் போட்டார். ஐஸலே சொன்ன அளவை ஐஸலேயின் எடையை வைத்தே பொய்யாக்கிக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்பது உள்நோக்கம்.

"நான் எந்தப் பக்கம்?" என்றார் ஐஸலே.

"இடது பக்கம். பாரம் அந்தச் சக்கரத்துமேல விழணும்."

"நான்?" என்றாள் ரோஸ்விதா.

"நடுவுல. இல்ல, வலது பக்கம். இல்ல..." நடுவில் உட்கார்ந்தால்தான் பாரம் சரியாக விழும். கெரோல்ட் ஒரு கணம் தத்தளித்தார். "நடுவுலயே உக்காரு. மூட்டை ரெண்டும் வலது பக்கம்."

"தள்ளி உக்காரு ஃபோல்க்மார், என் பாவாடை மேல உக்காந்திருக்க."

"எங்க தள்றது? மூட்டை இருக்கே அந்தப் பக்கம்."

கெரோல்ட் கட்டைமேல் சக்கரத்தை ஏற்றி நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, டார்ச்சோடு தரையில் படுத்தார். களிமண்ணில் பார்த்தார். டயரின் பட்டன் அத்தனையும் அச்சு எடுத்ததுபோல் பதிந்திருந்தது. இருபது உரசியது. சாட்சி கிடைத்துவிட்டது. மெல்ல வெற்றிப் புன்னகை பூத்த நேரத்தில், மேலே சீட்டிலிருந்து ரகசியக் குரல் கேட்டது.

"சொல்லிட்டியா?" என்றார் ஐஸலே.

"இன்னும் இல்ல."

"எத்தன நாளைக்கு மறைக்கறது? மாடிப்படில பாக்கறப்ப எனக்கு அவர் முகத்தப் பாக்க முடியல, ரோஸ்விதா."

"உனக்கு எவர் முகத்தத்தான் பாக்க முடியுது? சக்கர வேலை முடியட்டும். சொல்லிடறேன். இப்ப சொன்னா படுத்த இடத்தவிட்டு எழுந்திரிக்க மாட்டார்."

கெரோல்ட் எழ முயன்றார். மட்கார்டுக்குள் இருந்தது தலை என்பதை மறந்திருந்தார். நங்கென்று இடித்துக்கொண்டு வெளியே வந்து பின்கதவைத் திறந்தபோது, நெற்றியில் பச்சைக் களிமண் பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது.

"என்ன மறைக்கறீங்க ரெண்டு பேரும்?"

ரோஸ்விதா பெருமூச்சு விட்டாள். "ஃபோல்க்மாருக்குக் கண்ணுல புரை. ரெண்டு கண்ணும். டிசம்பர்லதான் ஆபரேஷன். ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்ப... யார் ஓட்டறது?"

"யார் ஓட்டுவா? நான்தான். மொத சனிக்கிழமையிலேர்ந்து."

கெரோல்ட் மனசுக்குள் மறுபடி கூட்டினார். தட்டைச் செருப்பு: கிளட்ச் மிதிக்க. மெத்தை: ஐஸலேயின் சீட்டில் உட்கார்ந்தால் ரோஸ்விதாவுக்கு ரோடு தெரியாது. தடயங்கள் எல்லாம் சரி. கூட்டல்தான் வேறு. அவர் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்த விடை வந்திருந்தால், அதற்கு என்ன செய்வது என்றாவது தெரிந்திருக்கும். இந்த விடைக்கு அவரிடம் ஏற்பாடு எதுவும் இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா விடுவியா? தொண்ணூத்தெட்டுல நம்ம கார் ஷெட் தூணை லேசாத் தொட்டேன். அந்தத் தூணோட போட்டோவ இன்னும் ஃபைல்ல வச்சிருக்க."

"லேசா இல்ல. பதினொரு மில்லிமீட்டர் பள்ளம்."

"பாத்தியா ஃபோல்க்மார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்றார் ஐஸலே. அவர் கிண்டலாகச் சொன்னாரா, நிலைமையைச் சொன்னாரா என்று கெரோல்டால் தீர்மானிக்க முடியவில்லை.

"அப்ப இருபதுன்னு எத வச்சு சொன்னீங்க, ஹெர் ஐஸலே?"

"மன்னிச்சுக்குங்க. அன்னிக்கு நீங்க சக்கரத்தக் கழட்டறீங்களா, மாட்டறீங்களான்னே எனக்குத் தெரியல. ஏதாவது பேசணுமேன்னு சொன்னேன்."

பதினைந்தைப் போட்டு மறுபடி இருவரையும் ஏற்றினார். களிமண்ணில் தடமே இல்லை. மூன்று தடவை பார்த்தார். எர்ஜான் முதல் நிமிடத்தில் சொன்ன விடை, பதினொரு நாள் உழைப்புக்குப் பிறகு கெரோல்டின் சொந்தக் கண்டுபிடிப்பாக வந்து சேர்ந்தது.

அன்று மாலை பரிசோதனை நிலையத்துக்கான காகிதங்களைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினார். தட்டு செய்தவர்களின் சான்றறிக்கை பதினாறு பக்கம். எந்தக் கார், எந்த டயர், எத்தனை தடிப்பு என்று வரிசை வரிசையாக இருந்தது. ஒவ்வொரு வரியின் கீழும் ஸ்கேல் வைத்துப் படித்தார். ரோஸ்விதா சூப்பை வைத்துவிட்டு, "இங்க ஒரு கையெழுத்து, இங்க ஒண்ணு" என்று ஓரமாகக் காகிதங்களை நீட்டினாள். பன்னிரண்டாம் பக்கத்தின் அடிக்குறிப்பில் மூழ்கியிருந்த கெரோல்ட் கண்ணை எடுக்காமல் போட்டுக் கொடுத்தார்.

அடுத்த வாரம் பரிசோதனை நிலையத்தில் அவருக்கு வாய்த்தவர் ஃப்ராவ் ஹேகலே என்ற பெண் எஞ்சினியர். ஐம்பது வயது, ஒட்ட வெட்டிய முடி, யாரையும் நம்பாத கண்கள். கெரோல்டுக்குப் பார்த்த உடனே அவர்மேல் மரியாதை வந்துவிட்டது.

"யார் மாட்டினது?"

"நானே."

"அதான் சந்தேகமா இருக்கு. போல்ட்ட கழட்டிக் காட்டுங்க."

கழற்றிக் காட்டினார். நீளத்தை அளந்தார் அந்த அம்மா. ஹப்பில் துரு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். காரை மூலைக்கு மூலையாக இரண்டு கட்டைமேல் ஏற்றி, சக்கர வளைவுகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஸ்டியரிங்கைக் கடைசிவரை திருப்பச் சொன்னார். பிறகு சான்றறிக்கையை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். கெரோல்ட் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடங்களாகத் தன் மேஜைக்கு வந்த தராசுகள் எப்படி உணர்ந்திருக்கும் என்று முதல் தடவையாக அவருக்குத் தோன்றியது. தராசுக்கு உணர்ச்சி கிடையாது என்று உடனே திருத்திக்கொண்டார்.

"குறை ஒண்ணும் இல்ல" என்றார் ஃப்ராவ் ஹேகலே, கொஞ்சம் ஏமாற்றத்தோடு. முத்திரை குத்தினார். "அம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் போல்ட்டெல்லாம் திரும்ப இறுக்கணும். நிறையப் பேர் மறந்துடறாங்க."

"நான் மறப்பேனா?"

"எல்லாரும் இதத்தான் சொல்றாங்க."

அந்தச் சனிக்கிழமை இரண்டு மணிக்கு கெரோல்ட் கோட்டு மாட்டி, ஷூவைத் துடைத்து, கதவருகே நின்றார். "ரோஸ்விதா, இனிமே ஒத்திகைக்கு நான் கூட்டிட்டுப் போறேன். ஹெர் ஐஸலேயும் வரட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

ரோஸ்விதா தட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள். "சாவி."

"இன்ஷூரன்ஸ்ல என் பேரு மட்டும்தான் இருக்கு. வேற யார் ஓட்டினாலும்..."

"இருந்துச்சு. போன வாரமே என் பேரையும் சேத்தாச்சு. ஃபைல்ல பாரு."

கெரோல்ட் ஓடிப்போய் ஃபைலைத் திறந்தார். தூணின் போட்டோவுக்கு அடுத்தே இருந்தது. இரண்டாவது ஓட்டுநர்: ரோஸ்விதா ஷ்டோட்ஸ். கீழே அவருடைய கையெழுத்து, சூப்புத் துளி ஒன்றோடு. வாழ்நாளில் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டது அந்த ஒரு மாலைதான். மோசடி என்று சொல்லலாம்தான். ஆனால் அந்தக் கையெழுத்தை அவரே மைக்ரோமீட்டர் வைத்து அளந்தாலும் அது அவருடையதுதான்.

அந்த வாரமும் அடுத்த வாரமும் ரோஸ்விதா ஓட்டினாள். ஐஸலேயின் நீண்ட கால்கள் அத்தனை தூரம் பின்னால் மடங்கியிருக்காது என்பதால் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார். கெரோல்ட், போல்ட் போதுமான அளவு இறுகியதும் 'க்ளிக்' என்று சொல்லும் டார்க் ரென்ச்சை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். காதை இடது மட்கார்டின் பக்கம் சாய்த்து வைத்திருந்தார், ஏதாவது உரசினால் கேட்கட்டும் என்று. கேட்டதெல்லாம் முன்சீட்டில் இரண்டு குரல்கள் மேலும் கீழுமாகச் சுரம் பாடியதுதான்.

இரண்டாவது சனிக்கிழமை மலையேறும்போது, காட்டுக்கு நடுவே ஒரு வளைவில் அவர் முன்சீட்டைத் தட்டினார். "நிறுத்து. அம்பது."

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தான் கிராமம். அங்க போயி இறுக்கிக்கலாமே."

"அது அம்பத்தொண்ணு."

ரோஸ்விதா ஓரமாக நிறுத்தினாள். கெரோல்ட் கணுக்கால் வரை பனியில் இறங்கி, இடது முன்சக்கரத்தில் ஆரம்பித்தார். டார்க் ரென்ச்சை வைத்தார். 'க்ளிக்.' அடுத்தது. 'க்ளிக்.' இருபது போல்ட்டும் ஒரு மயிரிழைகூடத் தளரவில்லை. இது எப்படிச் சாத்தியம் என்று ரென்ச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் இறங்கியது.

"எத்தன லூசா இருந்துச்சு?" என்றாள் ரோஸ்விதா.

"ஒண்ணுகூட இல்ல."

"அப்ப ஏறு. மூணாகப் போகுது."

ஏறி உட்கார்ந்தார். கார் வளைவில் கிளம்பியது. பனி படிந்த ஏற்றம். ரோஸ்விதா நேரம் பார்த்து கியரைக் குறைத்தாள். சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு. எங்காவது ஒரு குறை கிடைக்கும் என்று கெரோல்ட் பொறுமையாகக் காத்திருந்தார். தேவாலயக் கோபுரம் தெரிந்தது.

"நல்லா ஓட்டற" என்றார்.

பாட்டு நின்றது. ரோஸ்விதா பின்பார்வைக் கண்ணாடியில் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள்.

"என்ன வேணும் உனக்கு?" என்றாள்.